வெளிநாட்டு ஊரோட நம்மூரைச் சேக்கணும்னா: நெல்லைச் சீமைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிஸ்டர் சிட்டி, சகோதர நகரம், ட்வின் டவுன்னு எந்தப் பேரு சொன்னாலும் விஷயம் ஒண்ணுதான். ரெண்டு நாட்டுல இருக்கற ரெண்டு ஊரு, நாம பழகிக்கிடுவோம், பிள்ளைங்களை அனுப்பிக்கிடுவோம், தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்துக்கிடுவோம்னு பேசி வச்சு அதை வருஷக்கணக்கா விடாம செய்யுறது. இது பெரிய நகரங்களோட சோலி, நமக்கு எதுக்குன்னு நெறைய பேரு நெனைக்காங்க. ஐரோப்பாவுல நம்ம பத்தமடை அளவுகூட இல்லாத கிராமங்கள் எல்லாம் வேற நாட்டு கிராமத்தோட சேர்ந்து பல வருஷமா போய் வந்துட்டு இருக்கு, ஊரு எல்லையில போர்டுலயே அந்தப் பேரு எழுதி இருக்கும்.

ஆரம்பிச்சதும் சாதாரண ஜனங்கதான். ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து நாசமான ஊரு இங்கிலாந்துல கோவென்ட்ரி. அங்க உள்ள பொம்பளைங்க 800 பேருக்கு மேல ஒரு மேஜை விரிப்புல அவங்கவங்க பேரை நூலால தச்சு, தங்களை மாதிரியே கஷ்டப்பட்ட ஸ்டாலின்கிராட் ஜனங்களுக்கு அனுப்பி வச்சாங்க, 1944ல ரெண்டு ஊரும் முறைப்படி சேர்ந்துச்சு. அந்த ஸ்டாலின்கிராட்தான் இப்ப வோல்கோகிராட், நம்ம சென்னைக்கும் அது சகோதர நகரம். சென்னைக்கு அமெரிக்காவுல டென்வர் 1984லயும் சான் அன்டோனியோ 2008லயும் வந்து சேர்ந்துச்சு. யாழ்ப்பாணமும் லண்டன்ல உள்ள கிங்ஸ்டனும் 2016ல ஒப்பந்தம் போட்டாங்க, கிங்ஸ்டன் பக்கம் ஈழத்தமிழர் நெறைய பேரு குடியிருக்காங்க, அதனால அது பொருத்தமான ஜோடி.

புதுசா வாரவங்களுக்கு நான் முதல்ல சொல்லுதது இதுதான்: கையெழுத்து கடைசியில. மேயரு, சேர்மன், பொன்னாடை, போட்டோ எல்லாம் முதல்ல நடந்துட்டா அதோட முடிஞ்சு போகும். ரெண்டு ஊரு ஜனங்க ஒரு வருஷமாச்சும் சேர்ந்து ஏதாவது செஞ்சு பாத்த பொறவு கையெழுத்து போட்டாத்தான் அது நிக்கும். கீழ சொல்லுத வரிசையை அதுக்காகத்தான் இப்படி வச்சிருக்கேன்.

முதல் சோலி, ஆள் சேக்கறது

ஏழெட்டு பேரு போதும், ஆனா எல்லாரும் ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கட்சின்னு இருக்கக்கூடாது, இதுல நான் பிடிவாதமா இருப்பேன். ஒரு டீச்சர், மகளிர் குழுவுல பொறுப்பா இருக்கற ஒரு அக்கா, கடை வச்சிருக்கற அண்ணாச்சி ஒருத்தர், காலேஜ் பிள்ளைங்க ரெண்டு பேரு, சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருந்துட்டு திரும்பி வந்தவர் ஒருத்தர், வார்டு கவுன்சிலர் ஒருத்தர். கவுன்சிலர் வேணும், ஆனா அவரு தலைவரா இருக்கக்கூடாது, ஏன்னு காசு விஷயத்துக்கு வரும்போது சொல்லுதேன். நூலகத்துல உக்காந்து பேசுங்க, கோயில் மண்டபத்துலயோ சர்ச் ஹால்லயோ பள்ளிவாசல் பக்கத்துலயோ மட்டும் கூடுனா மத்தவங்க தயங்குவாங்க.

அந்தக் கூட்டத்துல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நம்ம ஊரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதறது. எத்தனை பேரு இருக்கோம், என்ன சோலி பாக்குதோம், தண்ணி எங்கேந்து வருது, பள்ளிக்கூடம் எத்தனை, என்ன திருவிழா, என்ன பிரச்சினை. பிரச்சினையை மறைக்காதீங்க, தாமிரபரணியில கலக்குற சாக்கடையைப் பத்தியும் எழுதுங்க, ஏன்னா ஆத்தங்கரை ஊரு ஒண்ணு உலகத்துல எங்க இருந்தாலும் அதுக்கும் அதே தலைவலி இருந்திருக்கும், பேச்சு அங்கதான் தொடங்கும். பெருமை மட்டும் எழுதுனா டூரிஸ்ட் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும், யாரும் பதில் போட மாட்டாங்க.

எந்த ஊரைப் பாக்கறது

இதுலதான் எல்லாரும் அவசரப்படுதாங்க. லண்டன், பாரிஸ், பெர்லின்னு கேட்டா வேலைக்கு ஆகாது, அவங்களுக்கு ஏற்கனவே கை நெறைய ஜோடி ஊரு இருக்கு, நம்ம கடிதத்தைப் படிக்கக்கூட ஆளு இருக்காது. நம்ம அளவுல உள்ள ஊரா தேடுங்க. பேரூராட்சின்னா சின்ன டவுன், மாநகராட்சின்னா நடுத்தர நகரம்.

தேடுறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஏற்கனவே உள்ள பழைய தொடர்பு, நம்ம சீமையில இது கொட்டிக் கெடக்கு. களக்காடு பக்கத்துல டோனாவூர் இருக்கு பாருங்க, ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துல பிரஷ்யா நாட்டு டோனா பிரபு குடுத்த காசுல உருவான ஊரு, பேரும் அவரு பேருதான். அந்தப் பிரபுவோட அரண்மனை இருந்த இடம் இன்னைக்கு போலந்து நாட்டுக்குள்ள இருக்கு. அதே டோனாவூர்ல குழந்தைங்களை வளத்த ஏமி கார்மைக்கேல் அம்மா வட அயர்லாந்துல மில்லைல்ங்கற கடற்கரை ஊருக்காரங்க. ஆக ஒரே கிராமத்துக்கு ரெண்டு நாட்டுல சொல்லிக்கிட ஆளு இருக்கு. இடையன்குடியில அடக்கமான கால்டுவெல் 1814ல அயர்லாந்துல கிளாடியில பொறந்தவரு. சாயர்புரத்துல இருந்த ஜி.யு.போப் 1820ல கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவுல பொறந்தவரு, சாயர்புரம் இப்ப தூத்துக்குடி மாவட்டம்னாலும் பழைய நெல்லைச் சீமைதான. ஆதிச்சநல்லூர்ல 1876ல தோண்டிப் பாத்த யாகோர் பெர்லின்காரரு, எடுத்த பொருளை அங்கதான் கொண்டு போனாரு, அதைப் பத்தி ரெண்டு ஊரு பள்ளிப் பிள்ளைங்க சேர்ந்து படிச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. இந்தப் பழைய தொடர்புல முக்கால்வாசி மிஷனரி தொடர்பு. சபையும் சபையும் பழகறது வேற, ஊரும் ஊரும் பழகறது வேற. மேலப்பாளையத்துல உள்ளவங்களும் நெல்லையப்பர் ரதவீதியில உள்ளவங்களும் இது நம்ம விஷயம்னு நெனைக்கற மாதிரி இருந்தாத்தான் அது ஊரோட தொடர்பு. பழைய வரலாறு கதவைத் தட்டறதுக்கு மட்டும் போதும், உள்ள போன பொறவு பேச இன்னைக்குள்ள விஷயம் வேணும்.

ரெண்டாவது வழி, ஒரே தொழில், ஒரே பிரச்சினை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். பத்தமடை பாயை எடுத்துக்கோங்க. கோரையை ஊறப்போட்டு, மெல்லிசா கிழிச்சு, நூல் பாவுல நெய்யுற வேலை, லெப்பைக் குடும்பத்துப் பொம்பளைங்க தலைமுறையா செய்யுதாங்க, புவிசார் குறியீடும் கெடைச்சிருக்கு. ஜப்பான்ல கியூஷு தீவுல குமாமோட்டோ மாகாணத்துல யட்சுஷிரோன்னு ஒரு ஊரு, அங்கயும் கோரை மாதிரி இகுசான்னு ஒரு புல்லை வயல்ல வளத்து ததாமி பாய்க்கு நெய்யுதாங்க, ஜப்பான்ல அதிகமா இகுசா வெளையுற இடம் அதுதான். அங்கயும் வீட்டுல ததாமி அறை கொறைஞ்சு போயி விவசாயிங்க கொறைஞ்சுட்டு வாராங்க. இளசுகளை இந்தத் தொழில்ல எப்படி நிக்க வைக்கறதுன்னு ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி கேக்காங்க. இந்த மாதிரி ஜோடி கெடைச்சா பேச விஷயம் தீரவே தீராது.

கூந்தன்குளம்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லுதேன். அங்க வர்ற வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கத்துல முட்டை போட்டு இமயமலையைத் தாண்டி வருது. மங்கோலியாவுல ஏரிக்கரை ஊரு ஒண்ணோட பழகலாமே, ஒரே பறவை ரெண்டு ஊருக்கும் சொந்தம்.

முதல் கடிதம்

ஈமெயில்தான், ஆனா யாருக்குன்னு பாத்து அனுப்பணும். ஜெர்மனி ஊருன்னா நகராட்சி வெப்சைட்ல பார்ட்னர்ஷ்டாட்னு தேடுங்க, பிரான்ஸ்னா ஜுமலாஜ், இங்கிலாந்துன்னா ட்வின்னிங் அசோசியேஷன், அமெரிக்கான்னா சிஸ்டர் சிட்டீஸ் கமிட்டி. இங்கிலாந்துல பல எடத்துல நகராட்சியைவிட இந்த அசோசியேஷன்ல உள்ள ரிட்டயர்டு ஆளுங்கதான் உயிரைக் குடுத்து வேலை பாப்பாங்க, அவங்களுக்கே எழுதுங்க. ஜெர்மனியில நகராட்சிங்க நம்மள மாதிரி நாட்டு ஊருங்களோட பழகறதுக்கு உதவி செய்ய பான் நகரத்துல என்கேஜ்மெண்ட் குளோபல்னு ஒரு அமைப்பு இருக்கு. அமெரிக்காவுக்கு 1956ல அப்ப ஜனாதிபதியா இருந்த ஐசனோவர் தொடங்கி வச்ச திட்டத்துல இருந்து வந்த சிஸ்டர் சிட்டீஸ் இன்டர்நேஷனல் இருக்கு, ஜோடி தேடுற ஊருங்க விவரம் அவங்ககிட்ட கேக்கலாம்.

கடிதம் அரைப் பக்கம் தாண்டக்கூடாது. உயர்திரு, மாண்புமிகு, பணிவான வணக்கங்கள்னு பத்து வரி போட்டுட்டு விஷயத்துக்கு வரக்கூடாது. நாங்க யாரு, எந்த ஊரு, உங்க ஊரைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம், சேர்ந்து செய்யலாம்னு நெனைக்கற ஒரே ஒரு சின்ன வேலை, பதில் யாருக்குப் போடணும், இவ்வளவுதான். கூடவே ஒரு வரி கட்டாயம் இருக்கணும்: நாங்க பணம் கேக்கல. இந்த வரியோட மதிப்பு பெரிசு, ஏன்னா நம்ம பக்கத்துல இருந்து கடிதம் போனாலே டொனேஷன் கேட்டுத்தான்னு நெனைக்கறவங்க அங்க இருக்காங்க. நாம சமமா நின்னு பழகறதுக்குத்தான் எழுதுதோம். அந்த ரெண்டு பக்க ஊரு விவரத்தையும் நாலஞ்சு போட்டோவையும் கூட வைங்க, போட்டோவுல ஜனங்க இருக்கணும், ஆர்ச்சும் சிலையும் மட்டும் வேண்டாம்.

பதில் வர ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், பதறாதீங்க. ஆகஸ்ட்ல ஐரோப்பா ஆபீஸ்ல பாதி பேரு லீவு, கிறிஸ்துமஸ் சமயத்துலயும் அப்படித்தான். ஜப்பான்ல ஏப்ரல் 1ல புது நிதியாண்டு, அப்ப ஆபீஸ்ல ஆளுங்க மாறுவாங்க, மே ஆரம்பத்துல வரிசையா லீவு வரும். இதையெல்லாம் பாத்து அனுப்புங்க. பதிலே இல்லன்னா மரியாதையா ஒரே ஒரு தடவை நினைவுபடுத்துங்க, பொறவு அடுத்த ஊருக்குப் போயிருங்க.

வீடியோ கால் வச்சா நேரத்தைக் கவனிங்க. இங்கிலாந்து குளிர்காலத்துல நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால, கோடையில நாலரை. ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து குளிர்காலத்துல நாலரை, கோடையில மூணரை. ஜப்பான் எப்பவும் மூணரை மணி நேரம் முன்னால. மொழி பெரிய கவலை இல்ல, இங்கிலீஷ் ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டாம் மொழின்னா எல்லாரும் பைய பேசுவாங்க, அது நல்லதுதான். புரியலன்னா புரியலன்னு சொல்லிருங்க, தலையை ஆட்டி வைக்காதீங்க, நம்ம ஊரு தலையாட்டல் அங்க உள்ளவங்களுக்கு ஆமாவா இல்லையான்னு விளங்காது.

ஒரு வருஷத்துக்கு ஒரு சின்ன வேலை

இதுதான் எல்லாத்துக்கும் உயிர். ரெண்டு ஊரு பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாசம் ஒரு நாள் அவங்கவங்க ஆத்துத் தண்ணி மட்டத்தையும் கலங்கலையும் பாத்து எழுதி மாத்திக்கிடலாம், பாபநாசத்துலயும் சேரன்மாதேவியிலயும் வண்ணாரப்பேட்டையிலயும் ஒரே ஆறு எப்படி மாறுதுன்னு நம்ம பிள்ளைங்களே அப்பத்தான் கவனிப்பாங்க. நெசவாளிங்க ஒரு பாயை இங்க பாதி நெய்ஞ்சு அங்க பாதி நெய்யலாம். ஒரே நாள்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ரெண்டு ஊர்லயும் போட்டோ எடுத்து ரெண்டு எடத்துலயும் மாட்டி வைக்கலாம். சின்னதா இருக்கணும், தேதி குறிச்சிருக்கணும், ஒருத்தர் பேரு அதுக்குப் பொறுப்பா இருக்கணும். பிள்ளைங்க போட்டோ, பேரு அனுப்பறதுக்கு முன்னால பெத்தவங்க எழுத்துல சம்மதம் வாங்குங்க, போன் நம்பர் ஒருநாளும் அனுப்பாதீங்க.

சாமான் அனுப்பறவங்க அந்த நாட்டு கஸ்டம்ஸ் விதியைப் பாத்துக்கோங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு கோரை, ஓலை, மரத்துல செஞ்சது எதுவானாலும் எழுதிக் காட்டணும். சாப்பாட்டுச் சாமான் தபால்ல வேண்டாம், அல்வா அவங்க இங்க வந்து சூடா சாப்பிடட்டும்.

காசு விஷயம், நிதானமா படிங்க

இங்க தப்பு நடந்தா ஊரே பின்வாங்கிரும். வெளிநாட்டுல இருந்து பணம் வாங்கறதுக்கு 2010ல வந்த எஃப்சிஆர்ஏ சட்டம் இருக்கு. அந்தச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்துல பதிவோ முன் அனுமதியோ இல்லாம உங்க சங்கம் வெளிநாட்டுக்காரங்க காசை வாங்கக்கூடாது. ரூபாயா குடுத்தாலும் கணக்கு ஒண்ணுதான், குடுக்கறவரு வெளிநாட்டுக் குடிமகனான்னுதான் பாப்பாங்க. பழைய லேப்டாப் பத்து அனுப்பி வச்சாங்கன்னா அதுவும் இதுல வரும். நம்மூர்ல பொறந்து கனடா பாஸ்போர்ட் வாங்குன தம்பி குடுத்தா அது வெளிநாட்டுப் பணம், இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கற துபாய் அண்ணாச்சி சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா குடுத்தா அது வெளிநாட்டுப் பணம் இல்ல. நெறைய பேருக்கு இந்த வித்தியாசம் தெரியல.

அந்தப் பதிவு வாங்க சங்கம் 3 வருஷமாச்சும் நடந்திருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் ரூபாயாச்சும் செலவழிச்சிருக்கணும். புது சங்கத்துக்கு அது நடக்காத காரியம். முன் அனுமதின்னா இன்னார்கிட்ட இருந்து இன்ன வேலைக்குன்னு ஒரு தடவைக்கு வாங்கறது. எதுவானாலும் பணம் முதல்ல டெல்லியில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல தொறந்த கணக்குக்குத்தான் வரணும், அதை இன்னொரு சங்கத்துக்கு மாத்தியும் விடக்கூடாது.

கவுன்சிலர் தலைவரா இருக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதுக்குக் காரணம் இதுதான். இந்தச் சட்டத்துல நகராட்சி, ஊராட்சி உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர் மாதிரியேதான், வெளிநாட்டு நிதி வாங்கவே கூடாது. அங்க உள்ளவங்க டிக்கெட், ரூம், சாப்பாடு குடுத்து கூப்பிட்டாலும் போறதுக்கு முன்னால உள்துறை அமைச்சகத்துல அனுமதி வாங்கணும். அரசு ஊழியருக்கும் அப்படித்தான்.

என் யோசனை, முதல் மூணு வருஷம் காசே கைமாற வேண்டாம். அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு. அப்படி இருந்தா பேச்சும் சமமா இருக்கும்.

இப்ப கையெழுத்து

ஒரு வருஷம் நல்லா போச்சுன்னா முறைப்படி ஆக்கலாம். கிராம ஊராட்சின்னா கிராம சபையில வைங்க, தமிழ்நாட்டுல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு ஆறு நாள் கூடுது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சின்னா மன்றத் தீர்மானம். தீர்மானம் போட்டதும் நாமளே கையெழுத்து போட்டுரலாம்னு நெனைக்காதீங்க, வெளிநாட்டு விவகாரம் ஒன்றிய அரசோட பட்டியல்ல இருக்கற விஷயம். ஃபைல் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கும் துறை மேலதிகாரிங்களுக்கும் போயி, சென்னை தலைமைச் செயலகம் போயி, அங்கேந்து டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகணும், அங்க மாநிலங்களுக்குன்னே 2014ல ஆரம்பிச்ச ஒரு பிரிவு இருக்கு. நேரம் எடுக்கும். அந்த நேரத்துல பழக்கம் நின்னு போகக்கூடாது, பிள்ளைங்க கடிதம் எழுதறதுக்கும் பாய் நெய்யுறதுக்கும் கையெழுத்து எதுக்கு.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். என்னென்ன விஷயத்துல சேர்ந்து செய்வோம், ரெண்டு பக்கமும் பொறுப்பு எந்த ஆபீஸ், எத்தனை வருஷம், நிறுத்தணும்னா எத்தனை மாசம் முன்னால சொல்லணும், யாருக்கும் பணக் கடமை இல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தாது. அஞ்சு வருஷம்னு போட்டு பொறவு புதுப்பிக்கறது நல்லது. தமிழ்லயும் ஒரு பிரதி கட்டாயம் வேணும், அதை ஊராட்சி சுவர்ல ஜனங்க படிக்கற மாதிரி ஒட்டுங்க.

அவங்க வரும்போது

சனவரி, பிப்ரவரி நல்ல மாசம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுனது நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் பாக்கணும்னு கேட்டா வெயிலும் கூட்டமும் எப்படி இருக்கும்னு முன்னாலயே சொல்லிருங்க. வாகைக்குளம், மதுரை, திருவனந்தபுரம்னு மூணு ஏர்போர்ட்டும் கிட்டதான்.

வீட்டுல தங்க வைங்க, ஹோட்டல்ல தங்குனா ஊரு தெரியாது. ஆனா வெளிநாட்டுக்காரங்க வீட்டுல தங்குனாலும் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும், முன்னால இதுக்கு ஃபார்ம் சின்னு பேரு, வரதுக்கு முன்னாலயே எஸ்பி ஆபீஸ்ல வெளிநாட்டவர் பிரிவுல போயி கேட்டு வச்சிக்கோங்க. மாஞ்சோலை, மேல் பாபநாசம் பக்கம் கூட்டிட்டுப் போறதுன்னா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேணும். சாப்பாட்டுக்கு நம்ம சொதி இருக்கு, தேங்காப்பால்ல காரம் கம்மியா இருக்கும், அதை முதல் நாள் வைங்க. நாள் முழுக்க மாலை, மேடை, பேச்சுன்னு வைக்காதீங்க, ஆத்துல குளிக்கவும் சந்தைக்குப் போகவும் அவங்களை விடணும்.

தொடர்ந்து நடக்கறதுக்கு

மன்றம் அஞ்சு வருஷத்துல மாறும், கமிஷனர் அதுக்கு முன்னாலயே மாறுவாரு. அதனால ஊரு ஜனங்க ஒரு சங்கமா இருந்தாத்தான் நிக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல 7 பேரு இருந்தா பதியலாம். எல்லா ஈமெயிலும் ஒருத்தரோட சொந்த ஜிமெயில்ல இருக்கக்கூடாது, சங்கத்துக்குன்னு ஒரு முகவரி வச்சு மூணு பேருக்கு பாஸ்வேர்டு தெரியணும். கடிதம், போட்டோ, தீர்மான நகல் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு ஊரு நூலகத்துல ஒரு பிரதி வைங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பொறுப்பாளரை மாத்துங்க, அதுல ஒருத்தராச்சும் 25 வயசுக்குக் கீழ இருக்கணும்.

அங்க வெள்ளமோ தீயோ நிலநடுக்கமோ வந்தா அன்னைக்கே ஒரு வரி எழுதிருங்க, நலமா இருக்கீங்களான்னு. 2016ல குமாமோட்டோவுல நிலநடுக்கம் வந்துச்சு, நமக்கு 2023ல வெள்ளம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் அந்த மாதிரி நேரத்துல யாரு யாருக்கு எழுதணும்னு இப்பவே பேரு குறிச்சு வச்சிக்கோங்க.